டிவியில் வரும் மருந்து விளம்பரங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவியில் மருந்து விளம்பரம் வரும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. மருத்துவரின் சீட்டோடு வாங்கும் மருந்து, சீட்டில்லாமல் வாங்கும் வலி மாத்திரை, சளி மருந்து, சத்து மாத்திரை, மூலிகைப் பொடி எல்லாவற்றையும் சேர்த்தே பேசியிருக்கிறேன். சட்டத்துக்கு இவை வேறு வேறு. பார்ப்பவர்களுக்கு எல்லாமே மருந்துதான்.

விளம்பரத்தில் பொய் சொன்னால் சட்டம் சும்மா விடாதே? அப்புறம் எதற்குக் கவலைப்பட வேண்டும்?

அப்பட்டமான பொய் குறைவுதான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 2008 முதல் 2010 வரை மாலைச் செய்தி நேரத்தில் ஒளிபரப்பான 168 மருந்து விளம்பரங்களை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எதை அழுத்திச் சொல்கிறார்களோ அந்த வாசகத்தை மட்டும் ஆதாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முழுப் பொய் என்று தெரிந்தவை 10 சதவீதம். சரியானவை 33 சதவீதம். மீதி 57 சதவீதம் இரண்டுக்கும் நடுவில் இருந்தன. முக்கியமான தகவலை விட்டுவிட்டவை, சாதாரண பலனைப் பெரிதாக்கியவை, வெறும் அபிப்பிராயத்தைச் சொன்னவை, மருந்துக்குச் சம்பந்தமில்லாத சந்தோஷ வாழ்க்கையோடு மருந்தை முடிச்சுப் போட்டவை எல்லாம் அந்தக் கூட்டத்தில் வரும். சீட்டில்லாமல் வாங்கும் மருந்துகளின் விளம்பரங்கள் சீட்டு மருந்துகளுடையதைவிட மோசமாக இருந்தன.

சட்டம் பிடிப்பது பெரும்பாலும் பொய்யைத்தான். நடுவில் இருக்கும் 57 சதவீதம்தான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு பொய்கூடச் சொல்லாமல் எப்படி ஏமாற்ற முடியும்?

படத்தால் முடியும். ஒரு மூட்டுவலி விளம்பரத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். படிக்கட்டின் கீழே ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்கிறார். மேலே பேத்தி கூப்பிடுகிறாள். அவர் முகம் சுருங்குகிறது. அடுத்து ஒரு முழங்கால் வரைபடம், உள்ளே சிவப்பாக ஏதோ துடிக்கிறது. நீல நிற அலை ஒன்று கீழே இறங்கி நேராக அந்தச் சிவப்பைத் தொட்டு அணைக்கிறது. “வலி இருக்கும் இடத்துக்கே போய் வேலை செய்கிறது” என்கிறது குரல். கடைசியில் பெரியவர் பேத்தியோடு பந்து விளையாடுகிறார்.

இதில் சொல்லப்பட்டது என்ன? வலி இருக்கும் இடத்தில் மருந்து வேலை செய்யும் என்பது மட்டும். காட்டப்பட்டது என்ன? தேய்ந்த மூட்டு சரியாகிவிடும், படி ஏற முடியாதவர் ஓடுவார் என்பது. வாயால் சொல்லாததைப் படம் சொல்லிவிட்டது. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால், “நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லையே” என்று எழுத்தைக் காட்டலாம்.

அந்த நீல அலையும் உண்மையல்ல. விழுங்கிய மாத்திரைக்கு வலி எங்கே இருக்கிறது என்று தெரியாது. குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கப் போகிறது. முழங்காலுக்குப் போகும் அளவு, வலியே இல்லாத முழங்கைக்கும் போகிறது. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தலைவலிக்கு ஒன்று, முதுகுவலிக்கு ஒன்று என்று தனித்தனியாக விற்கிறார்களே, அவற்றில் வித்தியாசம் இருக்கிறதா?

அட்டையைத் திருப்பி, மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் நியூரோஃபென் என்ற வலி மாத்திரை முதுகுவலி, மாதவிடாய் வலி, ஒற்றைத் தலைவலி, இறுக்கத்தால் வரும் தலைவலி என்று நான்கு தனித்தனிப் பெட்டிகளில் வந்தது. சாதாரண நியூரோஃபெனைவிட விலை அதிகம். உள்ளே நான்கிலும் இருந்தது ஒரே மருந்து, ஒரே அளவு: ஐபுப்ரோஃபென் லைசின் 342 மில்லிகிராம். 2015 டிசம்பரில் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் இது மக்களைத் தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்பளித்தது. முதலில் விதித்த 17 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம், மேல்முறையீட்டில் 60 லட்சமாக உயர்ந்தது.

“மாரடைப்பு ஆபத்தை 36 சதவீதம் குறைக்கிறது” என்றால் நூறு பேரில் 36 பேர் தப்பிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

இல்லை. எல்லாரும் அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள். மருந்து விளம்பரங்களில் ஒரே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்றால் இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

36 சதவீதம் என்பது லிபிட்டர் என்ற, ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரைக்காக ஃபைசர் நிறுவனம் பயன்படுத்திய எண். அது வந்த ஆய்வு பெரியது, ஒழுங்காக நடந்தது. ரத்த அழுத்தத்தோடு வேறு சில ஆபத்துக் காரணங்களும் உள்ள, ஆனால் அதற்குமுன் மாரடைப்பு வராத பத்தாயிரத்துச் சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மருந்து. இன்னொரு பாதிக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. மூன்று வருஷத்துக்குக் கொஞ்சம் மேல் கவனித்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்ட 5,137 பேரில் 154 பேருக்கு மாரடைப்பு வந்தது அல்லது இதய நோயால் மரணம் நேர்ந்தது. மருந்து சாப்பிட்ட 5,168 பேரில் அது 100 பேருக்கு.

இப்போது நூறு பேர் கணக்கில் பாருங்கள். மருந்து இல்லாமல் நூற்றுக்கு 3 பேர். மருந்தோடு நூற்றுக்கு 2 பேர். மூன்று, இரண்டாகிறது. மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்பதால் 36 சதவீதம் என்பதும் தப்பில்லை. நூறு பேர் மூன்று வருஷத்துக்கு மேல் தினமும் மாத்திரை போட்டால் ஒருவருக்குப் பலன் என்பதும் அதே ஆய்வுதான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வந்தது முதல் கணக்கு. மூன்றுக்கு இரண்டு என்பது பத்திரிகை விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

அந்த மருந்து உதவாது என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த வகை மாத்திரைகள் தரும் பலன் கணிசமானது. ஆபத்து எவ்வளவு அதிகமோ, பலனும் அவ்வளவு அதிகம். அதனால்தான் “எத்தனை சதவீதம் குறையும்?” என்ற கேள்வி போதாது. “என்னைப் போன்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு?” என்று கேட்க வேண்டும்.

டாக்டரே வந்து சொல்கிறாரே, அதை நம்பலாமா?

முதலில் அவர் டாக்டர்தானா என்று பாருங்கள். அதே லிபிட்டர் விளம்பரங்களில் 2006 முதல் ராபர்ட் ஜார்விக் வந்தார். செயற்கை இதயத்தை உருவாக்கியதற்காக உலகம் அறிந்த பெயர். மருத்துவப் பட்டம் உண்டு. ஆனால் நோயாளிகளுக்கு மருத்துவம் பார்க்க உரிமம் பெற்றவரல்ல. விளம்பரத்தில் அவர் ஏரியில் துடுப்புப் போட்டுப் படகில் போவதுபோல ஒரு காட்சி வரும். துடுப்புப் போட்டது அவர் இல்லை, அவருக்கு டூப் போட்ட வேறொருவர். அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரிக்கத் தொடங்கியதும் 2008 பிப்ரவரியில் விளம்பரம் நிறுத்தப்பட்டது.

பெயர் தெரியாத வெள்ளைக் கோட்டுக்காரர்கள் பெரும்பாலும் நடிகர்கள். திரையின் ஓரத்தில் ‘சித்திரிப்பு’ என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள். “பத்தில் ஒன்பது டாக்டர்கள் பரிந்துரைக்கிறார்கள்” என்று வந்தால், எந்தப் பத்துப் பேர், அவர்களிடம் என்ன கேட்டார்கள் என்பது தெரியாதவரை அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. “இந்த வகை மருந்தைப் பரிந்துரைப்பீர்களா?” என்று கேட்டு வாங்கிய பதிலை ஒரு பிராண்டின் மேல் ஒட்டவைப்பது சுலபம்.

“மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது” என்று போடுகிறார்களே?

எது நிரூபிக்கப்பட்டது, எதோடு ஒப்பிட்டு, எத்தனை பேரிடம்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது அலங்கார வாசகம். அடிக்கடி நடப்பது இதுதான்: உள்ளே இருக்கும் ஒரு பொருளைப் பற்றி எங்கேயோ ஆய்வு நடந்திருக்கும். விற்கப்படும் இந்த மாத்திரையில், இந்த அளவில், இந்த நோய்க்கு யாரும் சோதித்திருக்க மாட்டார்கள்.

“இரண்டு மடங்கு வேகம்” என்றால் எதைவிட என்று கேளுங்கள். “நம்பர் ஒன்” என்றால் பெரும்பாலும் விற்பனையில் முதலிடம் என்றுதான் பொருள்.

பக்கவிளைவுகளையும் சேர்த்துத்தானே சொல்கிறார்கள்? அது நேர்மை இல்லையா?

சொல்ல வேண்டும் என்று விதி இருக்கும் இடங்களில் சொல்கிறார்கள். எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனியுங்கள். பலனைச் சொல்லும்போது குரல் நிதானம், முகம் அருகில், இசை மெல்லியது. ஆபத்தைச் சொல்லத் தொடங்கியதும் குரல் வேகமெடுக்கும். திரையில் நாய்க்குட்டி ஓடும், பலூன் பறக்கும், யாராவது சிரிப்பார்கள். கண் அதில் லயித்திருக்கும்போது காது கேட்காது.

பேயர் நிறுவனத்தின் யாஸ் என்ற கருத்தடை மாத்திரை விளம்பரங்களில் இது அதிகாரபூர்வமாகவே சுட்டிக்காட்டப்பட்டது. மாதவிடாய்க்கு முன் வரும் கடுமையான மனநிலைக் கோளாறு ஒன்றுக்கு அந்த மாத்திரை அனுமதி பெற்றிருந்தது. விளம்பரமோ சாதாரண மாதவிடாய்த் தொந்தரவுகள் எல்லாவற்றுக்கும் ஆகும் என்பதுபோல் காட்டியது. எல்லா வகை முகப்பருவும் போய்விடும் என்ற எண்ணத்தையும் தந்தது. ஆபத்துகளைச் சொல்லும்போது காட்சிகளும் இசையும் கவனத்தைத் திருப்புகின்றன என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2008-ல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கடைசியில் 2 கோடி டாலர் செலவில் திருத்த விளம்பரங்களை வெளியிட பேயர் 2009-ல் ஒப்புக்கொண்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகளை மட்டும் கேட்டவர்களைவிட, அவற்றோடு வாய் உலர்தல், தலைவலி என்று சின்னச் சின்னதையும் சேர்த்துக் கேட்டவர்கள் அந்த மருந்தைக் குறைவான ஆபத்துள்ளதாக நினைத்தார்கள். நீளமான பட்டியல் பெரிய ஆபத்தை நீர்க்கச் செய்துவிடுகிறது. ஆக, எல்லாவற்றையும் சொல்வதே மறைப்பதாகவும் ஆகலாம்.

அமெரிக்காவில் இப்போது விதி இறுகியிருக்கிறது. முக்கிய ஆபத்துகளைக் குரலிலும் எழுத்திலும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும், அப்போது கவனத்தைச் சிதறடிக்கும் காட்சியோ இசையோ கூடாது என்ற விதிக்கு நிறுவனங்கள் 2024 நவம்பர் 20-க்குள் மாற வேண்டியிருந்தது.

புதிய மருந்து என்றால் பழையதைவிட நல்லதுதானே?

புதிய மருந்தைப் பற்றி நமக்குக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். வயாக்ஸ் என்ற மூட்டுவலி மருந்து 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பழைய மருந்துகளைவிட வயிற்றைக் குறைவாகப் புண்ணாக்கும் என்பது அதன் பலம். அடுத்த வருஷமே மெர்க் நிறுவனம் பொதுமக்களுக்கான விளம்பரத்துக்கு மட்டும் சுமார் 16 கோடி டாலர் செலவழித்தது. ஒலிம்பிக் ஐஸ் ஸ்கேட்டிங் வீராங்கனை டாரத்தி ஹாமில் டிவியில் வந்து, அதனால் தன்னால் மறுபடி சறுக்க முடிகிறது என்றார். அதே 2000-ல் வந்த ஆய்வு முடிவில், ஒப்பிட்ட பழைய மருந்தைவிட வயாக்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. இதய ஆபத்தைக் குறைத்துக் காட்டுகிறீர்கள் என்று 2001-ல் எஃப்.டி.ஏ. மெர்க்குக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. 2004 செப்டம்பர் 30 அன்று மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகம் முழுக்க 8 கோடிப் பேருக்கு மேல் சாப்பிட்டிருந்தார்கள்.

அவர்களில் பலருக்குப் பழைய, மலிவான வலி மாத்திரையே போதுமாக இருந்திருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனது ஆறுவதில்லை.

சீட்டில்லாமல் கிடைக்கும் மருந்து பாதுகாப்பானதுதானே?

அளவோடு சாப்பிட்டால். என் பெரியம்மாவுக்கு ஒருமுறை ஜலதோஷமும் தலைவலியும் சேர்ந்து வந்தது. டிவியில் பார்த்த சளி மாத்திரை ஒன்று, டிவியில் பார்த்த தலைவலி மாத்திரை ஒன்று, இரண்டையும் வேளைக்கு வேளை போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நான் போனபோது இரண்டு அட்டைகளும் மேஜைமேல் கிடந்தன. ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. திருப்பிப் பார்த்தேன். இரண்டிலும் பாராசிட்டமால். கூட்டிப் பார்த்தால், வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் தாண்டக் கூடாத 4 கிராம் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தார். “சளிக்கு ஒண்ணு, தலைவலிக்கு ஒண்ணு, வேற வேறதானேடா?” என்று கேட்டார். அவர்மேல் என்ன தப்பு? விளம்பரம் அவருக்கு நோயின் பெயரைச் சொன்னது, நிறத்தைக் காட்டியது. மருந்தின் பெயரைச் சொல்லவே இல்லை. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும், அதுவும் ஆரம்பத்தில் அறிகுறியே தெரியாது.

அன்றைக்கு அந்த இரண்டு அட்டைகளிலும் ‘பாராசிட்டமால்’ என்ற சொல்லைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுத்தேன். இப்போது அவரே புது அட்டை வந்தால் முதலில் திருப்பிப் பார்க்கிறார்.

மூலிகை மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை என்கிறார்களே?

எந்த மருந்துக்கும் அப்படிச் சொல்ல முடியாது. உடம்பில் ஒரு வேலையைச் செய்யும் பொருள், வேண்டாத வேலையையும் செய்யும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கத் தரப்பட்ட மருந்தில் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்ற செடி கலந்துவிட்டது. 100-க்கும் மேற்பட்டவர்களின் சிறுநீரகம் பழுதானது. செடிதான் அதுவும்.

இரண்டாவது ஆபத்து கலப்படம். மூலிகை என்று விற்கப்பட்ட மூட்டுவலி மருந்துகளில் ஸ்டீராய்டு என்ற வீரியமான ஆங்கில மருந்து இருப்பதைப் பல நாடுகளின் சோதனைக்கூடங்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கின்றன. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால், உண்மையிலேயே பறந்திருக்கலாம். எது பறக்கவைத்தது என்பதுதான் கேள்வி.

சாதாரண மனிதர்களே வந்து “எனக்குக் குணமாயிடுச்சு” என்கிறார்கள். அவர்களுமா பொய் சொல்கிறார்கள்?

பலர் மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் சளி தானாகவே ஒரு வாரத்தில் போகும். முதுகுவலி ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் புது மருந்தைத் தேடுவார்கள். உச்சத்துக்கு அப்புறம் எது சாப்பிட்டாலும் இறக்கம்தான். குணமாகாதவர்கள் யாரும் விளம்பரத்தில் வருவதில்லை.

அமெரிக்காவில் ஏர்போர்ன் என்ற சத்து மாத்திரை, ஒரு பள்ளி ஆசிரியை உருவாக்கியது என்ற கதையோடு, சளி பிடிக்காமல் காக்கும் என்று விற்கப்பட்டது. வழக்கு வந்தது. 2008-ல் வாடிக்கையாளர்களுக்குப் பணம் திருப்பித் தர 2.33 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது.

தவறு செய்த நிறுவனங்கள் தண்டிக்கப்படுகின்றனவா?

தண்டிக்கப்படுகின்றன, ஆனால் தாமதமாக. லிஸ்டரின் என்ற வாய் கொப்பளிக்கும் திரவம் சளிக்கும் தொண்டைவலிக்கும் உதவும் என்று 1921 முதல் விளம்பரம் செய்யப்பட்டது. அது உதவாது என்று விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 1975-ல் உத்தரவிட்டது. 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அரை நூற்றாண்டுக்கு மேல். அத்தனை வருஷம் கேட்டு வளர்ந்த நம்பிக்கையைச் கொஞ்ச காலத் திருத்த விளம்பரம் துடைத்துவிடுமா?

எல்லா நாடுகளிலும் இப்படி விளம்பரம் செய்யலாமா?

சீட்டு மருந்துகளைப் பெயர் சொல்லிப் பொதுமக்களிடம் தாராளமாக விளம்பரம் செய்ய அனுமதிக்கும் பெரிய நாடுகள் அமெரிக்காவும் நியூசிலாந்தும்தான். அமெரிக்க டிவியில் இவை பெருகியது எஃப்.டி.ஏ. 1997-ல் விதிகளைத் தளர்த்திய பிறகு. மற்ற நாடுகளில் சீட்டில்லாத மருந்துகளும் சத்து மாத்திரைகளுமே அதிகம். சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரமே செய்யக் கூடாது என்று இந்தியாவில் 1954-லும் மலேசியாவில் 1956-லும் சட்டம் வந்தது. சர்க்கரை நோயும் புற்றுநோயும் இரண்டிலும் உண்டு. ஆகவே அவற்றை அடியோடு தீர்ப்பதாக ஒரு விளம்பரம் சொன்னால், அந்த ஒரு வாசகமே அதை ஒதுக்கப் போதும்.

இதையெல்லாம் படித்தபின் நான் சாப்பிடும் மருந்தை நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, மனநலம் ஆகியவற்றுக்கான சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது, தவறான மருந்தைச் சாப்பிடுவதைவிட ஆபத்தாகலாம். விளம்பரம் மிகைப்படுத்தியது என்பதற்காக மருந்தே உதவாதது ஆகிவிடாது. அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் கேளுங்கள்: இது எனக்கு எதற்கு? சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்? இதைவிடப் பழைய, மலிவான மருந்து உண்டா? நான் சாப்பிடும் மற்றதோடு சேருமா? பதில் சொல்லத் தயங்காத மருத்துவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

தப்பான விளம்பரத்தைப் பார்த்தால் என்ன செய்வது?

உடனே போனில் படம் எடுங்கள். அடுத்த முறை வரும்போது வாசகம் மாறியிருக்கலாம். தேதி, நேரம், சேனல், சொன்ன வார்த்தைகள் அப்படியே, ஓரத்துப் பொடி எழுத்து, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாடுகளில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் விளம்பரத் தர அமைப்புக்கும் இணையத்திலேயே புகார் அனுப்பலாம். “ஏமாற்றுகிறார்கள்” என்று மட்டும் எழுதினால் கடிதம் கிடப்பில் கிடக்கும். “இந்த வாசகத்துக்கு ஆதாரம் என்ன என்று நிறுவனத்திடம் கேளுங்கள்” என்று எழுதுங்கள். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அப்போது அவர்கள் பக்கம் போய்விடும்.